மெதுவாகப் போனால் மட்டும் விக்கும் பைக்: அறிகுறியைப் பார்த்து கோளாறைப் பிடிப்பது

அறுபதில் போகும்போது ஒரு குறையும் தெரியாது. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடும். நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்தால் விக்கி விக்கிப் போகும். ஆக்சிலேட்டரை லேசாகத் திருப்பினால் ஒரு கணம் மூச்சு நின்று, அப்புறம் குபீரென்று பாயும். இப்படி ஒரு பைக் கைக்கு வந்தால் பயப்பட வேண்டியதில்லை. பிஸ்டன், ரிங் போன்ற பெரிய பாகங்கள் தேய்ந்திருந்தால் அறுபதிலும் வண்டி இழுக்கத் திணறியிருக்கும். மெதுவேகத்தில் மட்டும் வரும் கோளாறு பெரும்பாலும் சின்னப் பொருள்களில்தான் இருக்கும்: தலைமுடி நுழையும் அளவுள்ள ஒரு துளை, ரப்பரில் ஒரு கீறல், காகிதக் கனம்கூட இல்லாத ஓர் இடைவெளி.

காரணம் எளிது. வேகமாக ஓடும் என்ஜின் நிறையக் காற்றையும் பெட்ரோலையும் இழுக்கிறது. அந்த வெள்ளத்தில் ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் என்ஜின் சும்மா ஓடும்போது, அது உறிஞ்சுவதே துளி அளவு. அதில் ஒரு துளி தவறினால் கலவையே கெட்டுவிடும்.

முதலில் செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஆஃப் ஆகிறது என்றதும் எல்லோருடைய கையும் ஐடிலிங் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். "கொஞ்சம் ஏத்தி விடு, சரியாயிடும்" என்று பக்கத்தில் நிற்பவரும் சொல்வார். உண்மையில் ஆஃப் ஆவது நின்றுவிடும், அதுதான் சிக்கலே. அந்த ஸ்க்ரூ, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரின் ஸ்லைடை, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் பாகத்தை, கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அடைத்துக்கொண்ட துளை அடைந்தபடியே இருக்கும். என்ஜின் அடுத்த வழியாகப் பெட்ரோலை எடுத்துக்கொண்டு ஓடும். கியர் போடும்போது 'டக்'கென்று இடிக்கும், ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி முன்னால் தள்ளும். ஒரு மாதம் கழித்துக் கோளாறு முற்றியதும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். பெரும்பாலான சின்ன பைக்குகளுக்கு ஐடிலிங் 1,200 முதல் 1,500 ஆர்பிஎம்முக்குள் இருந்தால் போதும். ஏற்கெனவே யாராவது ஏற்றி வைத்திருந்தால் முதலில் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கோளாறு வெளியே தெரிந்தால்தான் தேட முடியும்.

அடுத்து, எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்துப் பாருங்கள். பல வாரம் நிறுத்தி வைத்து எடுத்த பிறகு என்றால் கார்புரேட்டர் அடைப்பு. சர்வீஸ் முடித்த மறுநாள் என்றால் ஏதோ ஒரு குழாய் மாட்டப்படாமல் தொங்குகிறது. மழையில் நனைந்த பிறகு என்றால் பிளக் கேப் அல்லது பெட்ரோலில் தண்ணீர். பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரத்தில் என்றால் டேங்க்கைச் சந்தேகப்படுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் என்றால் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவில் விடும் இடைவெளி.

சோக் சோதனை

கார்புரேட்டர் வண்டி என்றால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, கோளாறு தெரியும் நிலையில் வைத்துக்கொண்டு, சோக்கைப் பாதி இழுங்கள். சோக் என்பது பெட்ரோலைக் கூட்டித் தருவது. இழுத்ததும் ஐடிலிங் நிமிர்ந்து நின்றால் என்ஜின் பெட்ரோல் போதாமல் தவிக்கிறது. இழுத்ததும் இன்னும் மோசமாகி, இருமி ஆஃப் ஆனால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். பெரிய மாற்றம் ஏதும் இல்லை என்றால் கலவையை விட்டுவிட்டு ஸ்பார்க்கையும் வால்வையும் பார்க்கலாம். கீழே உள்ளதில் எதைப் படிப்பது என்பதை இந்த விடையை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.

சோக் போட்டால் நன்றாக ஓடுகிறது, எடுத்தால் ஆஃப் ஆகிறது

பத்தில் ஏழெட்டு வண்டி இந்த வகைதான் என்பது என் அனுபவக் கணக்கு. பைலட் ஜெட் அடைத்திருக்கும். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு. கார்புரேட்டரில் ஒவ்வொரு ஜெட்டுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகும்போது மெயின் ஜெட், நடுவில் நீடில், ஐடிலிங்கிலிருந்து ஏறக்குறைய கால் திருகு வரை பைலட் ஜெட். இருப்பதிலேயே துளை சின்னது பைலட்டுக்குத்தான். நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசுபிசுப்பாக மாறும்போது அதுதான் முதலில் அடைபடும். வண்டி அறுபதில் பறந்து சிக்னலில் சாவது இதனால்தான்.

டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோலை நிறுத்தும் திருகை (பெட்ரோல் காக்) மூடி, கார்புரேட்டரின் கீழே பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அடியில் தனியாகக் குமிழ் குமிழாக உருண்டால் அது தண்ணீர். பழுப்பாகத் தூள் தெரிந்தால் டேங்க் துரு. இரண்டில் எது இருந்தாலும் டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் அடுத்த வாரம் மறுபடி இதே வேலை.

கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் பெரிதாகத் தெரிவது மெயின் ஜெட். பக்கத்தில் ஒரு குழிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பது பைலட். பித்தளை மெத்தென்று இருக்கும். சரியான அகலமுள்ள ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் தொட்டால் தலை சிதைந்துவிடும். கழற்றியதும் ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள். ஊசி முனை அளவில் ஒரு வட்ட ஒளி, ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். ஒளியே தெரியாவிட்டால் குழப்பமே இல்லை. ஏமாற்றுவது எது தெரியுமா, பாதி அடைப்புதான். ஒளி தெரியும், ஆனால் வட்டமாக இல்லாமல் பிறை போல இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'திறந்துதான் இருக்கிறது' என்று திருப்பி மாட்டியவர்கள் ஏராளம். நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

கார்புரேட்டர் கிளீனரில் ஊறப்போட்டு, காற்றழுத்தம் கொடுத்து ஊதுங்கள். குத்தியே ஆக வேண்டுமென்றால் மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை. இரும்பு ஊசியும் சேஃப்டி பின்னும் துளையைப் பெரிதாக்கிவிடும். பிறகு அந்த ஜெட் உதவாது. ஜெட்டோடு நின்றுவிடாமல் அது உட்காரும் வழியையும் ஊதுங்கள். கார்புரேட்டரின் வாய்க்குள் ஸ்லைடுக்குக் கீழே, அல்லது வட்டத் தகட்டின் விளிம்பருகே, பொட்டு வைத்தது போல ஒன்றிரண்டு துளைகள் இருக்கும். ஆக்சிலேட்டரை லேசாகத் திருப்பியதும் பெட்ரோல் தருவது அவைதான். ஐடிலிங் சரியாக நின்று, லேசாகத் திருப்பும்போது மட்டும் விக்கினால் குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான்.

ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கக் கூடாது, முனை நசுங்கிவிடும். கழற்றும்போது ஸ்க்ரூவோடு சின்ன ஸ்பிரிங், வாஷர், மயிரிழை போன்ற ஓ-ரிங் வர வேண்டும். ஓ-ரிங் மட்டும் வராமல் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்வது வழக்கம். அதை எடுக்காமல் கிளீனர் அடித்தால் அது ஊறிப்போய் வழியை அடைக்கும்.

திருப்பி மாட்டிய பிறகு எண்ணி வைத்த அளவிலேயே தொடங்குங்கள். எண்ணி வைக்கவில்லையா? உட்கார்ந்த நிலையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வெளியே என்பது பல கார்புரேட்டர்களுக்குப் பொருந்தும் தொடக்கம். என்ஜின் சூடானதும் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடி காத்திருந்து, ஆர்பிஎம் உச்சத்துக்கு வரும் இடத்தைத் தேடுங்கள். ஐடிலிங் ஏறியிருக்கும், அதை இப்போது ஐடிலிங் ஸ்க்ரூவால் இறக்கலாம். அந்த ஸ்க்ரூவைத் தொட வேண்டிய நேரம் இதுதான். ஒரு விஷயம்: மிக்சர் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை அளப்பது, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்கத் திருகுபவர்கள் உண்டு.

ஆக்சிலேட்டரை விட்டாலும் ஐடிலிங் இறங்க மறுக்கிறது, அல்லது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது

முதலில் ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுசாகத் திருப்புங்கள். அப்போது ஐடிலிங் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறது அல்லது தவறான வழியில் போகிறது. கைப்பிடியில் சில மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும்.

கேபிள் சரி என்றால் காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மேனிஃபோல்ட் நாள்பட்டுக் கெட்டித்து வெடிக்கும். மேலே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். கீழ்ப்பக்கம் விரலால் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். சந்தேகமாக இருந்தால் என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, சின்ன ஸ்ப்ரே குப்பியில் தண்ணீர் எடுத்து அந்த இணைப்பைச் சுற்றி லேசாக அடியுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபட, என்ஜின் சத்தம் சட்டென்று மாறும். பலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். அது தீப்பற்றும் பொருள், சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. இரண்டு போல்ட்டால் மாட்டும் மேனிஃபோல்டாக இருந்தால் ஓ-ரிங்கையும், வேக்குவம் குழாய்களின் முனை மூடிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் 'பட் பட்' என்று வெடித்தால் அதுவும் இந்தக் குடும்பம்தான். பைலட் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது சைலன்சர் பைப் என்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் கசிவு.

பெட்ரோல் வாசம், கருமை, இருமல்

சோக் இழுத்ததும் மோசமானால் இங்கே வாருங்கள். பிளக்கைக் கழற்றினால் கரி போலக் கறுத்திருக்கும். அதைத் துடைத்து மாட்டினால் இரண்டு நாள் நன்றாக ஓடும், அதனால் பிளக்தான் குற்றவாளி என்று தோன்றும். அது பாவம், பாதிக்கப்பட்டது.

சோக் முழுசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். லிவரைத் தள்ளிவிட்டாலும் கேபிள் அரை வழியில் சிக்கி, உள்ளே பிளஞ்சர் தூக்கியபடியே நிற்கலாம். அடுத்து, கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி. அதன் ரப்பர் முனையில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் பெட்ரோலை அது நிறுத்தாது, நிறுத்தி வைத்த வண்டியில் ஓவர்ஃப்ளோ குழாய் சொட்டும். பெட்ரோல் திருகையும் மூடாமல் விட்டால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலப்பதும் உண்டு. ஆயில் அளவு கூடியிருந்தால், முகர்ந்தால் பெட்ரோல் வாசம் வந்தால், ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள். ஏர் ஃபில்டரையும் பாருங்கள். ஆனால் ஃபில்டர் அடைப்பு வேகத்தில்தான் அதிகம் தெரியும், மெதுவேகத்துக்கு அதை மட்டும் பழி சொல்ல முடியாது.

குளிரில் சரி, சூடானால் ஐடிலிங் நிற்பதில்லை

இது என்னையே அலைக்கழித்த கோளாறு. என் பழைய ஒற்றை சிலிண்டர் பைக் காலையில் முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகும். அரை மணி ஓட்டிவிட்டு நிறுத்தினால் ஐடிலிங் தேய்ந்து தேய்ந்து நின்றுவிடும். திரும்ப ஸ்டார்ட் செய்ய கால் ஓய்ந்துபோகும். கார்புரேட்டரை மூன்று முறை கழுவினேன். புது பைலட் ஜெட் போட்டேன். பிளக், பிளக் கேப் எல்லாம் மாற்றினேன். டேப்பெட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஏனென்றால் என்ஜின் அவ்வளவு அமைதியாக ஓடியது. டேப்பெட் தட்டும் சத்தமே கிடையாது, அதில் எனக்குப் பெருமை வேறு.

கடைசியில் வேறு வழியில்லாமல் வால்வு மூடியைத் திறந்து, இடைவெளியை அளக்கும் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜை எடுத்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் கேஜிலேயே மெல்லிய தகடு, 0.04 மி.மீ., உள்ளே நுழையவே இல்லை. வால்வு தன் இருக்கையில் தேய்ந்து மேலே ஏறிக்கொண்டே போக, இடைவெளி சுருங்கியிருக்கிறது. இடைவெளி இல்லாததால்தான் சத்தமும் இல்லை. சூட்டில் வால்வுத் தண்டு நீண்டதும் வால்வு முழுசாக மூட முடியாமல் நின்றிருக்கிறது. கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது உண்டாகும் அழுத்தம், அந்த வழியாகக் கசிந்துபோகும். வேகமாகச் சுழலும்போது கசிய நேரம் இருக்காது. மெதுவாகச் சுழலும்போது தாராளமாக இருக்கும்.

சரிபார்க்க, என்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும், இரவு நிறுத்திக் காலையில் பார்ப்பது நல்லது. பிஸ்டன் உச்சியில், கம்ப்ரெஷன் வீச்சில் இருக்க வேண்டும். அதாவது டைமிங் குறி நேராக நிற்கும்போது வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கர் கைகளும் விரலால் தொட்டால் லேசாக ஆட வேண்டும். ஒன்று இறுகி நின்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள், அப்போதும் இறுக்கம் என்றால் நோய் அதுதான். சின்ன ஒற்றை சிலிண்டர்களில் இந்த இடைவெளி பெரும்பாலும் 0.05 முதல் 0.15 மி.மீ.க்குள் வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஓனர் மேனுவலிலோ சர்வீஸ் மேனுவலிலோ இருக்கும், அதை மட்டும் நம்புங்கள். சரியான தகடு நுழைந்து, இழுக்கும்போது வெண்ணெயில் கத்தி போலவும் இல்லாமல், சிக்கிக்கொள்ளவும் செய்யாமல், லேசாகப் பிடித்து வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும் என்பதால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை தகடு விட்டுப் பாருங்கள். ஸ்க்ரூவுக்குப் பதில் ஷிம் (இடைவெளியை அமைக்கும் உலோக வில்லை) வைத்த என்ஜின் என்றால் அளந்து பார்ப்பதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுப்பது மேல்.

சூடானால் மட்டும் வரும் கோளாறுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பார்க்கை உண்டாக்கும் இக்னிஷன் காயிலோ, அதற்கு நேரம் குறிக்கும் பல்சர் காயிலோ சூட்டில் செயலிழந்து, ஆறியதும் உயிர் பெறலாம். ஆஃப் ஆன உடனே ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தால் கோளாறு டேப்பெட்டிலா காயிலிலா என்று பிரித்தறிந்துவிடலாம்.

சீரில்லாமல் விட்டு விட்டு மிஸ் அடிக்கிறது

கலவைக் கோளாறு ஒரே மாதிரி வரும். ஸ்பார்க் கோளாறு நினைத்த நேரத்தில் வரும். பிளக் இடைவெளியை மேனுவலில் உள்ள அளவுக்கு வையுங்கள், 0.6 முதல் 0.9 மி.மீ. என்பது பொதுவான வரம்பு. பழைய பிளக்கைத் தேய்த்துச் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்குவதைவிடப் புதுசு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது சுலபமான சோதனை. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் முனை பச்சை பிடித்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டுங்கள். இருட்டில் என்ஜினை ஓடவிட்டு வயரைப் பாருங்கள். எங்காவது நீலப் பொறி தாவினால் தேடல் முடிந்தது. ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் மிஸ் வந்தால் இக்னிஷன் ஸ்விட்ச் வயரையும், குழியில் இறங்கும்போது மட்டும் என்றால் சைடு ஸ்டாண்டு ஸ்விட்சையும் ஆட்டிப் பாருங்கள்.

எஃப்ஐ வண்டி என்றால்

எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) என்பது கார்புரேட்டருக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிப்பது. ஜெட்டும் இல்லை, நாம் திருக வேண்டிய ஸ்க்ரூவும் இல்லை. மீட்டரில் என்ஜின் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரிந்தால் ஊகிப்பதை விட்டுவிட்டு, வண்டி பதிவு செய்திருக்கும் கோளாறுக் குறியீட்டைப் படிக்க வேண்டும். எரியாவிட்டால் பேட்டரியைப் பாருங்கள். நிறுத்தி வைத்த நிலையில் 12.6 வோல்ட் பக்கம், என்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்தால் 13.5 முதல் 14.5 வரை. பேட்டரி தொய்ந்தால் பெட்ரோல் பம்பும் தொய்யும், ஐடிலிங்தான் அதை முதலில் காட்டும்.

அப்புறம், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி. வட்டத் தகட்டின் விளிம்பில் கருப்பாகப் படியும் கசடும், ஐடிலிங்குக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வில் படியும் கசடும் மெதுவேகத்தைக் கெடுக்கும். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், சுரண்டாதீர்கள். பெயின்ட் வைத்து சீல் செய்த ஸ்க்ரூ எதையும் திருப்பாதீர்கள், அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது கண்ணால் ஆகிற வேலை இல்லை. சுத்தம் செய்த பிறகு சில மாடல்களில் ஐடிலிங்கைப் புதிதாகப் பழக்கும் ஒரு முறை உண்டு, மேனுவலில் இருக்கும். இன்னொன்று, புகைக் கட்டுப்பாட்டுக்காகக் குறைந்த பெட்ரோலில் ஓடும்படி அமைத்த எஃப்ஐ வண்டிகள் பல, குறைந்த ஆர்பிஎம்மில் ஒரே சீராகப் போகும்போது லேசாக உதறும். புதிதாக வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் என்றால் அதைக் கோளாறு என்று தேடிப் போகாதீர்கள்.

என்ஜின் நன்றாக இருந்தும் உதறினால்

ஐடிலிங் கடிகாரம் போல ஓடுகிறது, ஓட்டும்போது மட்டும் குலுக்கல் என்றால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். தொளதொளத்த செயின், பின் சக்கரத்துக்குள் நைந்துபோன ரப்பர்கள், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், சீரில்லாமல் பிடிக்கும் கிளட்ச், இவற்றில் ஒன்று. செயினை ஒரே இடத்தில் பார்க்காமல் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் இன்னோரிடத்தில் தொய்வுமாக இருந்தால் செயின் முடிந்துவிட்டது. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் ரப்பர் தேய்மானம் கையிலேயே தெரியும். நான்காவது கியரில் இருபதில் போய்விட்டு வண்டி உதறுகிறது என்று சொல்பவருக்கு மட்டும் நான் ஒன்றும் சொல்வதில்லை, கியரைக் காட்டுவேன்.

எதைச் சரிசெய்திருந்தாலும் கடைசியில் ஒரு சோதனை. என்ஜின் சூடாக இருக்க, சமதரையில் முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மிக மெதுவாக விடுங்கள். வண்டி தானாக, ஆள் நடக்கும் வேகத்தில், விக்காமல் நகர வேண்டும். இருபது அடி அப்படிப் போனதும் ஆக்சிலேட்டரைக் கடுகளவு திருப்புங்கள். நடுவில் ஒரு வெற்றிடம் இல்லாமல் அது கையோடு ஒட்டி வந்தால், டூலை எல்லாம் பெட்டியில் போட்டுவிடலாம்.